பவுச்சர் சிறுநூலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

ஜானதன் பவுச்சர் பற்றிய தமிழ்ச் சிறுநூல் அச்சாகி வந்துவிட்டது. இவர் ஒரு ஆங்கிலேயக் குருவானவர். அமெரிக்கக் காலனிகளில் விடுதலைக் கிளர்ச்சி மூண்டபோது இங்கிலாந்து அரசர் பக்கம் நின்று, 1775 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, 1804இல் எப்சம் ஊர்க் குருவானவராகவே கண் மூடியவர்.

முதல் நன்றி மெய்ப்பு பார்த்த அக்காவுக்கு. பவுச்சர் முதலில் போன வர்ஜீனியா காலனியில் குருமாருக்குச் சட்டப்படி ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு புகையிலை. எங்கள் முதல் படியில் 'புகையிலை' விழுந்துபோய், எடைப் பவுண்டு காசுப் பவுண்டாகி, மனிதர் ஜமீன்தாராகி நின்றார். இப்போது எடை எல்லாம் ராத்தல், காசு மட்டும் பவுண்டு. 16,000 ராத்தல் சுமார் 7,250 கிலோ. புகையிலை விலை ஏறினால் குருமாருக்கு லாபம். அதனால்தான் 1758இல் ராத்தலுக்கு 2 பென்னி கணக்கில் காசாகக் கட்டலாம் என்று சட்டம் போட்டார்கள், குருமாரோடு சண்டையும் மூண்டது. மறு வருஷம் பவுச்சர் அங்கே போய் இறங்கினார்.

பவுச்சர் பின்னாளில் பணி செய்த மேரிலாந்து காலனியின் காசுக் கணக்கைச் சரிபார்த்த வங்கி நண்பருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 100 ஸ்டெர்லிங் (இங்கிலாந்துக் காசு) பவுண்டுக்கு அன்று 166⅔ மேரிலாந்து பவுண்டு. மாற்றாமல் எழுதினால் இழந்த சொத்து மூன்றில் இரண்டு பங்கு ஊதிப்போகும். அரசர் பக்கம் நின்று சொத்தை இழந்தவர்களின் இழப்பீட்டு மனுக்களைப் படிப்பவர்கள் வழுக்கும் இடம் இது.

இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தை விளக்கிய போதகர் ஐயரவர்களுக்கு வணக்கம். குருப்பட்டம் கொடுக்கப் பேராயர் வேண்டும், காலனியில் பேராயர் கிடையாது. அதை வாங்க 1762இல் பவுச்சர் லண்டனுக்கே போனார். அங்கே அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம். ஆராதனையிலோ அரசருக்காக ஜெபம். வாசித்தால் ஊர் அடிக்க வரும், விட்டால் சத்தியம் பொய்யாகும்.

பிரசங்க மேடைத் திண்டின்மேல் குண்டு போட்ட இரண்டு கைத்துப்பாக்கி வைத்துப் பிரசங்கித்த கதை எல்லோருக்கும் பிடிக்கும். அது அவரே பின்னாளில் இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதியது, நூலானது 1925இல். அமெரிக்காவில் செய்த 13 பிரசங்கங்களும் 1797இல்தான் அச்சேறின. அவற்றை எதிரணித் தளபதியாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கே சமர்ப்பித்தார். வாஷிங்டன் மனைவியின் முதல் மணத்து மகனுக்குப் பாடம் சொன்னவர் அல்லவா! நடுவில் 20 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, எந்த வரியைத் திருத்தினாரோ. "1775இல் சொன்னார்" என்பதையெல்லாம் அடித்து "1797இல் அச்சிட்டார்" என்று மாற்றவைத்த வரலாற்று ஆசிரியருக்குத் தனி நன்றி. சரியான பிடிவாதம்.

கடைசிக் காலத்தில் பவுச்சர் திரட்டிய ஆங்கில நாட்டுப்புறச் சொல்லகராதி முடியவில்லை. முதல் எழுத்துகளோடு அச்சு நின்றது. அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தட்டச்சிட்ட தம்பிக்கும் நன்றி.

41ஆம் பக்கத்தில் ஒரு 'பவுண்டு' இன்னும் தப்பி நிற்கிறது. பேனாவால் 'ராத்தல்' என்று திருத்திக்கொள்ளுங்கள்.