ஸ்பீடு டெஸ்ட் பறக்கிறது, பக்கம் மட்டும் சுற்றுகிறது

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். 2015இல் இது பிரவுசிங் சென்டர். அந்த வருடம், எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்தவேண்டும் என்கிற இணையச் சமநிலை கேட்டு உங்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் குவிந்ததே, அதில் ஏழெட்டு என் கடை மூன்றாம் நம்பர் கணினியிலிருந்து போனவை. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டீர்கள். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' மூட்டை கட்டியது. அன்றைக்குக் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ என் கணக்கு.

2018இல் உங்கள் பரிந்துரையை மத்திய அரசும் ஏற்று, நிறுவனங்களின் உரிமத்திலேயே நிபந்தனையாகச் சேர்த்தது. எந்தத் தளத்தையும் தடுக்கக் கூடாது, வேகத்தைக் குறைக்கக் கூடாது, ஒருவரை மட்டும் முந்தவிடக் கூடாது. நல்ல விதி. அதோடு எனக்குச் சண்டையில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி, மணி பத்தரை. காசிமேட்டிலிருந்து ஒரு பெண், கல்லூரி விண்ணப்பம் போட அம்மாவோடு வந்திருந்தாள். பன்னிரண்டு மணியோடு கடைசித் தேதி முடிகிறது. மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து ஏற்றினால் அந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, அப்புறம் பக்கமே வெள்ளையாகிவிடுகிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டேன், 40 எம்பிபிஎஸ் காட்டியது. பக்கத்துக் கணினியில் ஒரு பையன் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட் வீடியோ ஒரு நொடிகூட நிற்கவில்லை. கால் சென்டரில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். கடைசியில் அந்த அம்மாவின் போனில் இருந்த வேறொரு கம்பெனி சிம்மிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்ததும் இரண்டே நிமிடத்தில் விண்ணப்பம் போய்விட்டது. அப்போது மணி 11:40. அந்தப் பெண் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள், வேலை முடிந்த பிறகு.

எடுத்த எடுப்பில் யார் மீதும் பழி போட மாட்டேன். சர்வர் படுத்திருந்தால் ஹாட்ஸ்பாட்டிலும் திறந்திருக்காது. வழியில் எங்காவது இணைப்புக் கோளாறு இருந்திருக்கலாம். பெரிய வீடியோ கம்பெனிகள் தங்கள் சரக்கின் நகலை இணைய நிறுவனத்தின் வளாகத்திலேயே வைத்துவிடுகின்றன, அதனால் அது ஓடும். சின்னத் தளம் தூரத்திலிருந்து வரவேண்டும். இப்படி நகல் வைப்பதை உங்கள் விதியும் அனுமதிக்கிறது. இல்லை, வேண்டுமென்றே குறைத்தும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிற நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

உங்கள் மைஸ்பீட் செயலியும் என் போனில் இருக்கிறது. அது சோதனை சர்வர் வரைக்கும் உள்ள வேகத்தைத்தான் அளக்கிறது. நான் போகவேண்டிய தளம் எந்த வேகத்தில் வந்தது என்பது அதில் இல்லை. விதியை மீறுகிறவருக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? இந்த விதியைக் கண்காணிக்க ஒரு பலதரப்பு அமைப்பு வேண்டும் என்று 2020இல் நீங்களே பரிந்துரைத்தீர்கள். என்னைப் போன்ற கடைக்காரன் தமிழில் புகார் கொடுத்து, ஒரு எண் வாங்கி, பதிலும் பெற அதில் வழி செய்யுங்கள். மைஸ்பீடில் தளத்தின் பெயரைப் போட்டுச் சோதிக்க ஒரு பெட்டி வையுங்கள். ஒரே தெருவில் ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனி இணைப்பில் வந்த முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் குட்டு அங்கேயே உடையும். நெரிசல் நேரத்தில் எதை எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்பதையும் நிறுவனங்கள் பில்லிலேயே எழுதட்டும்.

இன்னொன்று. அதிக டேட்டா ஓடவிடும் பெரிய தளங்கள் தங்களுக்குப் பங்கு தரவேண்டும் என்று தொலைபேசி நிறுவனங்கள் கேட்கின்றன. எங்கள் பக்கம் ஒரு மெட்ரோ ஸ்டேஷனுக்கே பெயர் டோல்கேட். சுங்கம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒருமுறை சுங்கம் கட்டியாகிவிட்டது. உள்ளே இருப்பது யார் சரக்கு என்று பார்த்து, சரக்குக்காரனிடமும் ஒரு தடவை வாங்குவது என்ன நியாயம்? அந்த டேட்டாவுக்கு நான் மாதாமாதம் பில் கட்டுகிறேன். நெட்வொர்க் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று 2024 பிப்ரவரியில் நேரலை வீடியோ தளமான ட்விட்ச் தென் கொரியாவில் கடையைச் சாத்தியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த கதி. வண்ணாரப்பேட்டையில் மொட்டை மாடியில் கேமரா வைத்துக் கணக்குப் பாடம் எடுத்து, சொந்தத் தளத்தில் போடுகிற எங்கள் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இன்றைக்குப் பெரிய தளங்களுக்குப் போடுகிற கட்டணம் நாளைக்கு அவர் வாசலுக்கும் வரும். அந்தக் கோரிக்கைக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடைக்காரன்

பி.கு.: பதில் எழுதும்போது ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லாதீர்கள். போட்டுப் பார்த்துவிட்டேன்.