தோடியின் காந்தாரம் எங்கே நிற்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

தோடி ராகத்தின் இலக்கணத்தை முறையாகப் படிக்கத் தொடங்கிய பிறகு, ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை வறண்டுவிட்டது என்றும், சுருதியைக் கோடாக வரைந்து காட்டும் செயலியில் உன் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், ஓரிடத்திலும் நிலைகொள்ளாததைக் கண்டு திகைத்துப்போனாய் என்றும், இனிப் புத்தகத்தை மூடிவிட்டு இயல்பாக, மனம்போன போக்கில் பாடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். உன் கேள்வி முழுவதும் அந்தக் காந்தாரத்துக்குள்ளேயே இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

72 மேளகர்த்தாக்களுள், அதாவது தாய் ராகங்களுள், 8ஆவதான தோடிக்குச் ‘சாதாரண காந்தாரம்’ என்ற வகை என்று புத்தகம் சொல்வது சரிதான். ஆனால் பாடும்போது அந்த ஸ்வரம் கீழே இருக்கும் சுத்த ரிஷபத்தின் (ரி) பக்கத்துக்கும் மேலே இருக்கும் சுத்த மத்யமத்தின் (ம) பக்கத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. அசைவை நிறுத்தி நேராகப் பிடித்தால் சுருதி சுத்தமாக இருக்கும், தோடி இருக்காது. ஆகவே செயலி காட்டியது உன் குறையை அன்று. நீ அதில் பார்க்க வேண்டியது, கோட்டின் மேல்முனை மத்யமத்தை எட்டுகிறதா அல்லது மூச்சுக் குறைவால் பாதியிலேயே திரும்பிவிடுகிறதா என்பதைத்தான்.

1904இல் எட்டயபுரத்திலிருந்து சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர், நொக்கு, ரவை, ஒதுக்கல், ஓரிகை என்று கமகங்களுக்கு, அதாவது ஸ்வர அசைவுகளுக்கு, தனித்தனிக் குறியீடுகள் இட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தில் வளர்ந்து, கேட்டும் பாடியும் பழகிய பிறகே அவர் அந்தக் குறிகளை இட்டார் என்பதை நினைவில் வை. லட்சியம், அதாவது பாடும் வழக்கம், முன்னே போகும்; லட்சணம், அதாவது இலக்கணம், அதன் பின்னே வரும். நீ இயல்பு என்று சொல்வதும் பிறவியில் வந்ததன்று. சிறுவயது முதல் காதில் விழுந்து தங்கிய கேள்வி ஞானம் அது. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் தோடியை மீண்டும் மீண்டும் கேட்டவனுக்கு, அடுத்த பிடி, அதாவது ராகத்தின் அடுத்த ஸ்வரக் கோவை, எது என்று யோசிக்காமலே தொண்டை அங்கே போகும். உன் ஆலாபனை வறண்டது இலக்கணம் படித்ததால் அன்று, படிக்க உட்கார்ந்த நாள் முதல் கேட்பதைக் குறைத்துவிட்டதால்தான் என்று சந்தேகிக்கிறேன்.

அதற்காகத் தாளக் கணக்கையும் காதிடமே விட்டுவிடலாம் என்று எண்ணாதே. ஆதி தாளத்தில், ஒரு களையில், அதாவது ஓர் எண்ணிக்கைக்கு ஓர் அட்சரமாக, ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, எட்டு அட்சரம்; அட்சரத்துக்கு நான்காக 32 மாத்திரை. பத்து மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை பாடி, இடையே வரும் இரண்டு இடங்களிலும் ஒரு மாத்திரை விட்டால், சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், தொடங்கியது சமத்தில் வந்து சேரும். பல்லவியின் எடுப்பு, அதாவது அது தொடங்கும் இடம், சமத்துக்கு அரை அட்சரம் தள்ளி அரை இடமானால் 34 மாத்திரை வேண்டும். இடைவெளியை இரண்டிரண்டாக்கினால் போதும். இதை மேடையில் உள்ளுணர்வால் கண்டுபிடிக்க முயல்பவரைக் கண்டு மிருதங்கக்காரர் புன்னகைப்பார், அவ்வளவுதான். வீட்டில் கணக்கிட்டு, கை தானாகத் தாளம் போடும் அளவுக்குப் பாடி வைத்துக்கொண்டால், கச்சேரியில் எண்ண வேண்டியிருக்காது, ராகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

தொண்டை விஷயமும் இப்படித்தான். தார ஸ்தாயியில், அதாவது மேல் ஸ்வரங்களில், வலி வந்தால் உணர்ச்சி பாவம் பொங்குகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல், சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பார், குரலை மெலித்துப் பொய்யாக்கும் கள்ளத்தொண்டையில் ஒளியாதே.

ஒரு நாளில் எதை எப்போது செய்வது என்று கேட்டால், விடியற்காலையில் புத்தகமும் செயலியும் இல்லாமல் தம்பூராவோடு மட்டும் பாடு. அதைப் பதிவு செய்து மாலையில் கேள். அப்போது ஆராய்ச்சியைத் தாராளமாக வைத்துக்கொள். பாடிக்கொண்டிருக்கும்போதே ஆராய்பவனுக்கு இரண்டும் அரைகுறையாகும்.

அடுத்துப் பேகடா ராகத்தைத் தொடப்போவதாக எழுதியிருந்தாய். பெயர்பெற்ற அந்த மத்யமத்தைத் திரையில் தேடுவதற்கு முன், உன் குருவின் எதிரில் உட்கார்ந்து ஒரு வர்ணத்தை முழுமையாகப் பாடம் செய்துகொள். அதன் பிறகு கோடு எங்கே போகிறது என்று எனக்கும் எழுது. தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல் உண்டு.

அன்புடன்,
அண்ணன்