வீட்டுப் படம் பற்றி மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீட்டுப் படம் வரையும் சாஃப்ட்வேரில் வரைந்து அனுப்பிய வீட்டைத் திறந்து நிதானமாகப் பார்த்தேன். ஹாலில் உட்கார்ந்தால் பூஜை அறை தெரிகிற மாதிரி வைத்தது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். சமையலறைத் தரை ஹாலுக்குள் பரவுகிறது, மாடிப்படி ஏறினால் மேல்தளம் இடிக்கிறது, வெளியே இருந்து இறக்குமதி செய்த ஜன்னல் சுவரைத் துளைக்காமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று நீ எழுதியிருந்தாய். சாஃப்ட்வேரே சரியில்லையோ என்றும் கேட்டிருந்தாய். அதில் கோளாறு எதுவும் இல்லை, அம்மாடி. நீ மனதில் வைத்திருக்கும் அளவு ஒன்று, அதற்குக் கொடுத்த அளவு வேறு. அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் படத்தைப் பார்த்துத்தான் மேஸ்திரி மண்ணில் சுண்ணாம்புக் கோடு போடப் போகிறார். புனேயில் இருந்துகொண்டு நீ ஒவ்வொன்றுக்கும் ஓடி வர முடியாது. அதனால் 3டி-யில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தால் போதும் என்று எதையும் விட்டுவிடாதே. அவர் டேப் பிடித்தால் அதே அளவு வர வேண்டும்.

முதலில் அடியில் நீ வைத்திருக்கும் ஸ்கேன் படம். அதற்கு அளவு சொல்லும்போது வாசல் கதவின் 3 அடியைக் குறித்திருக்கிறாய். அங்கே கோட்டை ஒரு அங்குலம் தள்ளி வைத்தாலும் 36-க்கு 1 தப்பு. அதே தப்பு மனையின் 40 அடியில் 13 அங்குலத்துக்கு மேல் போய்விடும். மனையின் நீளப் பக்கத்தை முனைக்கு முனை குறித்து 40 அடி என்று கொடு. அங்கே ஒரு அங்குலம் தவறினாலும் வீட்டுக்குள் அது தெரியவே தெரியாது. செட்டிங்கில் அலகையும் அடி, அங்குலத்துக்கு மாற்றிக்கொள். சென்டிமீட்டரில் நினைத்து அடியில் பேசுவது வேலை நடக்கும் இடத்தில் குழப்பத்தைத்தான் கொண்டுவரும்.

அடுத்தது சுவர். புதிதாகத் திறந்ததும் இந்தச் சாஃப்ட்வேர் 7.5 சென்டிமீட்டர் தடிமனும் 250 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சுவரைத்தான் போடும். நீ அதை அப்படியே விட்டிருக்கிறாய். நமக்கு வெளிச்சுவர் 9 அங்குலம், உள்ளே தடுப்புச்சுவர் நாலரை அங்குலம், உயரம் 10 அடி. அப்புறம், சுவரின் நீளத்தை இது சுவரின் நடுக்கோட்டில் அளக்கிறது. வெளிப்புறம் 24 அடி வர வேண்டும் என்று நீ 24 அடிக்குச் சுவர் இழுத்தால், இரண்டு பக்கமும் நாலரை அங்குலம் சேர்ந்து வீடு 24 அடி 9 அங்குலமாகிவிடும். பக்கத்தில் நாம் விட வேண்டிய இடம் அந்த அளவுக்குக் குறையும். எனவே வெளியே 24 அடி வேண்டுமானால் 23 அடி 3 அங்குலத்துக்கு இழு. உள்ளே கிடைப்பது 22 அடி 6 அங்குலம், அதிலும் பூச்சு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மௌஸால் குத்துமதிப்பாக இழுக்காதே. சுவரைத் தொடங்கியதும் என்டர் தட்டினால் நீளம், கோணம், தடிமன் மூன்றையும் எண்ணாகவே கொடுக்கலாம்.

சமையலறைத் தரை ஹாலுக்குள் பரவியதற்கும் சுவர்தான் காரணம். அறையின் நடுவில் இரண்டு முறை கிளிக் செய்தால் சுற்றிச் சுவர் மூடியிருக்கும் வரைக்கும் தரை போடும். சமையலறையின் வடகிழக்கு மூலையை நன்றாகப் பெரிதாக்கிப் பார். தடுப்புச்சுவர் வெளிச்சுவரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டியது போலத்தான் தெரியும். அந்த முனையைப் பிடித்து, தானாகப் போய் ஒட்டும் வரை நகர்த்து. பிறகு பழைய தரையை அழித்துவிட்டு மறுபடி கிளிக் செய்தால் சமையலறை மட்டும் தனியாக வரும். மேற்குச் சுவர் மினுமினுக்கிறது என்றாயே, அங்கே ஒரே இடத்தில் இரண்டு சுவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. காப்பி எடுத்தபோது விழுந்திருக்கும். ஒன்றை அழித்துவிடு. ஹால் கம்பளம் மினுக்குவதும் அதே மாதிரிதான், தரையும் கம்பளமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. கம்பளத்தை அரை சென்டிமீட்டர் தூக்கி வை.

ஜன்னல் சுவரைத் துளைக்காததற்குக் காரணம், இறக்குமதி செய்யும்போது அதைச் சாதாரண மேஜை நாற்காலி போலச் சேர்த்திருக்கிறாய். சேர்க்கும் இடத்தில் 'கதவு அல்லது ஜன்னல்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால்தான் சுவரில் ஓட்டை விழும். மறுபடி இறக்குமதி செய்துவிடு. வெளியே இருந்து எடுக்கும் எந்தப் பொருளானாலும் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அங்கேயே சரிபார். வரைந்தவர் மில்லிமீட்டரில் வரைந்திருந்தால் சோபா தெரு நீளத்துக்கு வந்து நிற்கும். ஜன்னல், கதவு எல்லாவற்றின் மேல்விளிம்பும் 7 அடியில் ஒரே மட்டமாக நிற்கட்டும். கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டையான லிண்டல் அந்த மட்டத்தில்தான் ஓடும். உன் படத்தில் குளியலறை வென்டிலேட்டரைத் தவிர மற்றவை ஆளுக்கொரு உயரத்தில் இருக்கின்றன.

இனி மாடிப்படி. நான் அதிக நேரம் பார்த்தது இதைத்தான், நீயும் இதற்கு அதிக நேரம் கொடு.

தளம் இடிப்பதைச் சரிசெய்வது எளிது. சாஃப்ட்வேரோடு வருகிற படிக்கட்டின் உச்சி மேல்தளத்தை எட்டினால்தான் அந்த இடத்தில் தளத்தை அது தானாக வெட்டும். கீழ்த்தரையிலிருந்து மேல்தரை வரைக்கும் நமக்கு 10 அடி 6 அங்குலம். நீ படிக்கட்டை எட்டே கால் அடியில் நிறுத்தியிருக்கிறாய். உயரத்தை 10 அடி 6 அங்குலம் என்று மாற்றினால் தளம் திறந்துவிடும்.

ஆனால் அப்படிச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. அந்தப் படிக்கட்டில் 15 படிதான் வரைந்திருக்கிறது. உயரத்தை இழுத்தால் படியின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு படியும்தான் உயரும். 126 அங்குலத்தை 15-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 8.4 அங்குலம். அம்மாவின் முழங்கால் உனக்குத் தெரியும். 6 அங்குலப் படிதான் வேண்டும். அப்படியானால் 21 படி. நடுவில் ஒரு லேண்டிங், அதாவது நின்று திரும்பும் சமமேடை, வைத்துத் திருப்பினால் கீழே 11, மேலே 10. கீழே 11 ஏற்றத்துக்குக் கால் வைக்கும் மிதி 10, கடைசி ஏற்றம் லேண்டிங்கிலேயே முடிந்துவிடும். மிதிக்கு 10 அங்குலம் வைத்தால் 100 அங்குலம், அதாவது 8 அடி 4 அங்குலம். லேண்டிங்குக்கு 3 அடி சேர்த்தால் 11 அடி 4 அங்குலம். நீ படிக்கு ஒதுக்கிய இடத்தின் நீளம் உள்ளளவில் 10 அடிதான். அதில் லேண்டிங் போக 7 அடி மிஞ்சும். 10 மிதியையும் அதற்குள் நெருக்கினால் மிதி 8.4 அங்குலமாகிவிடும். இறங்கும்போது பாதி பாதம் வெளியே நிற்கும்.

சாஃப்ட்வேர் இதை எதையும் உன்னிடம் சொல்லாது. நீ மூலையைப் பிடித்து அமுக்கினால் படிக்கட்டும் ரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுக்கும், 3டி-யில் பார்க்க ஒரு குறையும் தெரியாது. அதனால் படிக்கட்டை ஒரு பொருளாக இழுத்து வைக்காதே, கணக்குப் போட்டு நீயே கட்டு. 3 அடி அகலம், 10 அங்குல ஆழம், 6 அங்குல உயரத்தில் ஒரு பெட்டி. அதைக் காப்பி எடுத்து, 10 அங்குலம் தள்ளி, தரையிலிருந்து 6 அங்குலம் தூக்கி அடுத்ததை வை. அப்படியே லேண்டிங் வரை போ. லேண்டிங்கும் ஒரு பெட்டிதான். எல்லாம் முடிந்ததும் தேர்ந்தெடுத்து ஒரே குரூப்பாகச் சேர்த்துவிடு. இப்படிக் கட்டினால் மேல்தளம் தானாக வெட்டுப்படாது. மாடியில் அந்த மூலையை விட்டுவிட்டு, தரையை 'ட' வடிவில் புள்ளி புள்ளியாக நீயே வரைய வேண்டும். நம் படி வீட்டின் மூலையில் இருப்பதால் அது சுலபமாக வரும்.

தேவைப்படும் 1 அடி 4 அங்குலத்தைச் சாப்பாட்டு இடத்திலிருந்து எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆறு பேர் உட்காரும் மேஜை அதற்கப்புறமும் தாராளமாக நிற்கும், படத்திலேயே மேஜையை வைத்துச் சுற்றி நடந்து பார்த்தேன். திருப்பத்தில் லேண்டிங்குக்குப் பதிலாக விசிறிப்படி போட்டால் இடம் மிச்சமாகும் என்று மாப்பிள்ளை சொல்லலாம். உள் ஓரத்தில் கால் வைக்க இடமே இல்லாத படி அது. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

வீடு தரையோடு ஒட்டி நிற்பதையும் மாற்று. நமக்குப் பேஸ்மென்ட், அதாவது மண்மட்டத்துக்கு மேல் வீட்டுத் தரையின் உயரம், 2 அடி. கீழ்த்தளத்தின் மட்டத்தை 2 அடிக்கு உயர்த்து. அப்போது வீடு அந்தரத்தில் தொங்குவது போலத் தெரியும். பயப்படாதே, பூஜ்ய மட்டத்தில் இன்னொரு தளம் சேர்த்து அதில் வெளிச்சுவரை மட்டும் 2 அடி உயரத்துக்குப் போட்டால் இடைவெளி மூடிக்கொள்ளும். வாசலில் நாலு படியும் அப்போதுதான் வைக்க முடியும். போர்ட்டிகோவில் அந்தப் படிகள் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கின்றன என்று பார்த்துக்கொள், வண்டி நிறுத்த வேண்டுமே.

கடைசியாக, படத்தின் ஓரத்தில் இருக்கும் திசைகாட்டி. அதை நீ தொடவே இல்லை. இரண்டு முறை கிளிக் செய்து ஊரை மதுரைக்கு மாற்று, வடக்கு எந்தப் பக்கம் என்று மனையைப் பார்த்துத் திருப்பு. பிறகு சாஃப்ட்வேரிலேயே வீட்டைப் போட்டோ எடுக்கும்போது தரத்தை மேலிரண்டு நிலைகளில் ஒன்றில் வைத்தால் தேதியும் நேரமும் கேட்கும். மே மாதம் மாலை 4 மணி என்று கொடுத்து உன் படுக்கை அறையைப் பார். நீ ஆசையாக வைத்த மேற்கு ஜன்னல் வழியே வெயில் கட்டில் மேலேயே விழும். வடக்கு ஜன்னலையும் பார்த்துக்கொள். மதுரை கிட்டத்தட்ட 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வடக்குப் பக்கம் வெயில் வராது என்று சொல்வது வட இந்தியாவுக்குப் பொருந்தும் அளவுக்கு நமக்குப் பொருந்தாது. அங்கேயும் 2 அடி சன்ஷேட் போடு. மேற்கு ஜன்னலைச் சின்னதாக்குவதா, எடுத்துவிடுவதா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். என் விருப்பம் எடுத்துவிடுவது.

கோப்பைத் திருத்தும்போது பழையதன் மேலேயே சேமிக்காதே. தேதி போட்டு வேறு பெயரில் வைத்துக்கொள். முதலில் ஸ்கேன் அளவு, அடுத்து சுவர், அதற்குப் பிறகுதான் படி. சோபா, திரைச்சீலை, பெயின்ட் நிறமெல்லாம் மெதுவாகப் பார்க்கலாம்.

சமையல் மேடை உயரத்தை 2 அடி 9 அங்குலம் என்று போட்டிருக்கிறாய். அம்மாவை நிற்க வைத்து அளந்தேன், அவளுக்கு 2 அடி 8 அங்குலம் வசதியாக இருக்கிறது. உனக்கு எது சரி என்று அங்கே உன் மேடையில் நின்று பார்த்துச் சொல். படியைத் திருத்தியதும் கோப்பை அனுப்பு, மேஸ்திரி வரும்போது முதலில் அந்தக் கணக்கைத்தான் அவரிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா