கதவு வைத்த குளியல் தொட்டி: ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மாமிக்காக அங்கிருந்து கதவு வைத்த குளியல் தொட்டி ஒன்றைக் கப்பலில் அனுப்பலாமா என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதமும், அதனுடன் இணைத்திருந்த விளம்பரப் படங்களும் கிடைத்தன. இதே கேள்வியை வெளிநாட்டில் இருக்கும் வேறு பிள்ளைகளும் என்னிடம் கேட்பதால், உங்களுடைய சம்மதத்துடனும் மாமியின் சம்மதத்துடனும் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். ("பேரைப் போடாமல் என்னவேண்டுமானாலும் எழுது" என்றார் மாமி.) கட்டடப் பொறியியலாளனாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் குளியலறைகளைத் திருத்திக் கொடுப்பதிலேயே என் பொழுது போகிறது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்வதானால், தொட்டியை அனுப்ப வேண்டாம். நீங்கள் பல ஆயிரம் டொலரைச் செலவழிக்கத் தயாராக இருக்கும்போது இப்படி ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போவது முறையல்ல என்பதால் காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் இருக்கும் நாட்டில் பெரும்பாலான வீடுகளின் குளியலறையில் நீளமான பாத்டப் ஒன்று சுவரோடு பொருத்தப்பட்டிருக்கும்; ஷவரும் அதற்குள்ளேயே இருக்கும். முழங்கால் மடங்க மறுக்கும் ஒருவர் அதன் ஒன்றரை அடி விளிம்பைத் தாண்டுவது ஆபத்தானது. அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் தொட்டியின் பக்கத்தில் நீர் கசியாத கதவொன்றை வைத்து, உள்ளே கதிரை உயரத்தில் ஓர் இருக்கையும் அமைத்தார்கள். அங்குள்ள வீட்டுக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் வெள்ளவத்தையில் மாமி இருக்கும் மாடிவீட்டில் பாத்டப்பே கிடையாது. இல்லாத தடையொன்றைக் கப்பலில் வரவழைத்து, அதைக் கடப்பதற்குக் கதவும் வைத்துக் கொடுத்தது போலாகிவிடும்.

போன கிழமை குளியலறையை அளக்கப் போயிருந்தேன். உட்பக்கம் ஐந்தடிக்கு ஏழடி. மாமி ஒரு குட்டைப் பிளாஸ்டிக் முக்காலியில் இருந்து, வாளியில் தண்ணீர் பிடித்து, கோப்பையால் அள்ளி வார்த்துக்கொள்கிறார். எழும்பும்போது பிடிப்பதற்கு அவருக்குக் கிடைப்பது துவாய் தொங்கப்போடும் கம்பி ஒன்றுதான். அதன் ஒரு பக்கத்து ஆணி சுவரிலிருந்து அரை அங்குலம் வெளியே வந்து நிற்கிறது; ஆணியைப் பிடித்து வைக்கச் சுவருக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக் உள்ளே சுழல்கிறது; சுற்றியிருக்கும் டைலில் மயிரிழை போல வெடிப்பும் விழுந்திருக்கிறது. துவாயின் பாரத்துக்காகப் பூட்டிய கம்பியில் நாள்தோறும் ஓர் ஆள் தொங்கி எழும்பினால் அது எத்தனை காலம் தாங்கும்? மாமி விழுந்தால், கழுவ வசதியான தொட்டி இல்லாததால் விழப்போவதில்லை. இருந்து எழும்புவதற்குச் சரியான உயரமும் சரியான பிடியும் இல்லாததால்தான் விழுவார்.

இனி நோயைப் பற்றி. மாமிக்குப் பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்று வைத்தியர் சொன்னதை நீங்கள் முழங்கால் வாதத்துக்கு அடுத்தபடியாகத்தான் குறிப்பிட்டிருந்தீர்கள். குளியலறையைத் திட்டமிடும்போது இந்த வரிசையை மாற்ற வேண்டும். அந்த நோயுள்ளவர்களில் பலருக்கு, நடந்துகொண்டிருக்கும்போதே பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். அது கதவடியிலும் ஒடுங்கிய இடத்திலும் திரும்பும்போதும் அதிகமாக நேரும். கதவு வைத்த தொட்டியோ ஓர் ஒடுங்கிய வாசலையும், அதன் அடியில் தயாரிப்புக்குத் தக்கபடி இரண்டு முதல் ஏழு அங்குலம் வரையிலான படியையும், உள்ளே கால் வைத்த கையோடு உடலைத் திருப்பி உட்கார வேண்டிய கட்டாயத்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைக்கிறது. அத்தோடு, இந்த நோயிலும் இதற்குக் கொடுக்கும் மருந்துகளிலும் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது வழக்கம். நெடுநேரம் சுடுநீரில் ஊறினால் அது இன்னும் இறங்கும்.

அந்த 'நெடுநேரம்' என்பதையும் கணக்காகவே பார்த்துவிடுவோம். கதவு இருப்பதால், ஆள் உள்ளே போய்க் கதவைப் பூட்டிய பிறகுதான் தண்ணீரைத் திறக்க முடியும். குளித்து முடிந்து, தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகுதான் கதவைத் திறக்க முடியும். ஆள் இருக்கும் நிலையில் தொட்டிக்கு ஏறக்குறைய 150 லீற்றர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியின் சுவரில் இருப்பது, நீர் ஓடும்போதே அதைச் சூடாக்கும் 3.5 கிலோவாட் உடனடிச் சூடாக்கி. கொழும்புக் குழாய்நீரை 28 பாகையிலிருந்து 38 பாகைக்குக் கொண்டுவருவதென்றால் அதனால் நிமிடத்துக்கு ஐந்து லீற்றர்தான் தர முடியும். ஆகவே தொட்டி நிரம்ப அரை மணித்தியாலம். அவ்வளவு நேரமும் மாமி உடுப்பில்லாமல் இருக்கையில் காத்திருக்க வேண்டும். பிறகு வடியும்வரை ஈர உடம்போடு இன்னொரு காத்திருப்பு. இடையில் சிறுநீர் கழிக்க வேண்டுமென்ற அவசரம் வந்தால் எழுந்து போக வழியில்லை. சேமிப்புச் சூடாக்கி வாங்கலாம்தான்; 60 பாகையில் வைத்தால் ஒரு குளிப்புக்கு 47 லீற்றர் சுடுநீர் போகும், ஆகவே 50 லீற்றர்க் கருவி மட்டுமட்டாகக் காணும். ஆனால் 60 பாகை நீர் சில விநாடிகளிலேயே முதியவரின் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு ஒன்று இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

விரைவாக வடியச் செய்யும் ஏற்பாடு உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். தொட்டிக்குள் அது உண்மையாக இருக்கலாம். கீழே அந்த வேகத்தைத் தாங்கும் கழிவுக் குழாய் இருக்க வேண்டுமே. மாமியின் வீட்டைப் போன்ற பழைய தொடர்மாடிகளில் குளியலறை நீரெல்லாம் ஒரு சிறிய தரைப்பொறி (தரையில் நீர் வடியும் வாய்) வழியாகத்தான் போகிறது. 150 லீற்றரை ஓரிரு நிமிடத்தில் அதற்குள் தள்ளினால், தண்ணீர் மேலே பொங்கி, மாமி வெளியே கால் வைக்கப்போகும் தரையையே நனைத்துவிடும். சில தொட்டிகளில் வடிப்பதற்கும் மின்பம்பி இருக்கிறது. 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட ஊரில் அதை நம்பி ஒருவரைத் தண்ணீருக்குள் இருத்த எனக்கு மனம் வராது.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். தொட்டியில் இருக்கும் காற்றுக் குமிழிப் பம்பி, சூடாகும் இருக்கை எதுவும் இங்கே நேரடியாக வேலை செய்யாது. குழாய்ப் புரிகளும் அங்கே வேறு தரம், இங்கே பிரித்தானியத் தரம். பழைய சோனகத் தெருவில் இணைப்புகளைத் தேடிப் பிடித்துவிடலாம் என்றாலும், ஐந்து வருடம் கழித்துக் கதவின் இறப்பர் விளிம்பு தேய்ந்து கசியத் தொடங்கினால் அதற்கு மாற்று எங்கே கிடைக்கும்? இதையெல்லாம் தாண்டி, முப்பது அங்குல அகலத் தொட்டி மாமியின் குளியலறையின் இருபத்தேழு அங்குலக் கதவுக்குள்ளால் போகாது. பாரத்தையும் பார்க்க வேண்டும். நல்ல தளமானால் தாங்கும், ஆனால் பல வருடமாகக் கசிந்து கம்பி துருப்பிடித்த தளத்தில் தொட்டியும் தண்ணீரும் ஆளுமாக முந்நூற்றைம்பது கிலோவை ஒரு மூலையில் ஏற்றுவதற்கு முன் யாராவது அதைப் பரிசோதிக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக, எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: மாமியை இன்னும் மூன்று நான்கு வருடத்தில் யார் குளிப்பாட்டுவார்கள், எப்படிக் குளிப்பாட்டுவார்கள்? இன்று அவர் தானாகத் தோய்கிறார். நாளை ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டி வரும். அதற்கும் பிறகு ஒருவர் முதுகு தேய்த்து, கால் கழுவி, தூக்கி இருத்த வேண்டி வரும். அந்தத் தொட்டியின் சுவர் மூன்றடிக்கும் மேல் உயரம். உதவிக்கு இருக்கும் பெண் வெளியே நின்று, அந்தச் சுவருக்கு மேலால் குனிந்து மாமியின் பாதத்தை எட்ட வேண்டும். இரண்டு கிழமையில் அவளுடைய இடுப்பு போய்விடும். பிறகு வேலைக்கு ஆள் தேட வேண்டியதுதான். தொட்டி நோயின் ஒரு கட்டத்துக்கு மட்டுமே உதவும், அடுத்த கட்டத்தில் அதுவே குறுக்கே நிற்கும்.

உடைத்துத் திருத்துவதென்றால், கடைசிக் கட்டத்தை மனதில் வைத்துத் திருத்துவோம். சக்கரமுள்ள குளியல் கதிரை என்று ஒன்று இருக்கிறது. இருக்கையின் நடுவில் துளை இருக்கும். படுக்கையருகே ஆளை அதில் ஒருமுறை இருத்திவிட்டால், அப்படியே உருட்டிக்கொண்டு போய்க் கொமோட்டுக்கு மேலே நிறுத்தலாம், பிறகு ஷவருக்குக் கீழே நகர்த்தலாம், மீண்டும் கட்டிலடிக்குக் கொண்டுவரலாம். இடையில் தூக்கி இருத்தும் வேலை இல்லை. அந்தக் கதிரை போய்வர வாசலில் படி இருக்கக்கூடாது, கதவு 80 சென்ரிமீற்றராவது திறக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதும் அவசியம். இப்போது போல உட்பக்கமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். ஷவர்ப் பகுதியைச் சுற்றி இருக்கும் தாழ்ந்த வரம்பை இடித்து, தரை முழுவதையும் ஒரே மட்டமாக்கி, ஐம்பதுக்கு ஒன்று என்ற சிறிய சரிவில் தரைப்பொறியை நோக்கி வார்த்துவிட்டால், இன்றைக்கு மாமி சுவரில் மடித்து வைக்கும் இருக்கையில் இருந்து கைஷவரால் குளிக்கலாம். பிறகு அதே இடத்துக்குச் சக்கரக் கதிரை வரும். எதையும் மறுபடி உடைக்க வேண்டியதில்லை.

பிடிகளில் மிச்சம் பிடிக்காதீர்கள். அமெரிக்க அணுகல் தரத்தின்படி ஒரு பிடி 250 இறாத்தல் விசையைத் தாங்க வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கப் வைத்த பிடிகள் ஆளின் பாரத்தைத் தாங்கா. மாமியின் சுவர் உட்குழிவான சீமெந்துக் கல்லால் ஆனது. சாதாரணப் பிளக் அதில் நிற்காது என்பதற்குத் துவாய்க் கம்பியே சாட்சி. அந்த இடத்துக் கற்களை எடுத்துவிட்டுக் கொங்கிறீற் நிரப்பிய பிறகே பூட்ட வேண்டும். கடல் காலி வீதிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பதால், 304 அல்ல, 316 தர எவர்சில்வர் வேண்டும். மற்றது கொஞ்சக் காலத்திலேயே தேநீர்க் கறை போலத் துருப்பிடிக்கும். டைல் சொரசொரப்பானதாக இருக்கட்டும். ஆனாலும் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை மாமி விடப்போவதில்லை. எண்ணெய் பட்ட எந்த டைலும் வழுக்கும், ஆகவே அன்று அவர் இருந்தபடியே குளித்து, எழும்புவதற்கு முன் வேறொருவர் தரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் வேறு யாருக்காவது இந்தத் தொட்டியே சரியாக இருக்கவும் கூடும். சுடுநீரில் ஊறினால்தான் மூட்டு வலி அடங்குகிறது, நோய் மெதுவாகவே நகர்கிறது, சொந்தக் காணியில் தரைமாடி, பெரிய குளியலறை என்றால் நான் தடுக்க மாட்டேன். அவர்கள் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை முதலில் பார்க்கட்டும். உட்பக்கம் திறக்கும் கதவைத் தண்ணீரின் அழுத்தமே இறுக்கிப் பிடிப்பதால் கசிவு குறைவு. ஆனால் உள்ளே ஒருவர் மயங்கிச் சரிந்தால், வடிந்த பிறகும் அவருடைய காலே கதவைத் தடுக்கும். சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்காருகிறவருக்கு வெளிப்பக்கம் திறப்பதே வசதி. வாங்குவதற்கு முன், உடுப்போடு ஒருமுறை உள்ளே ஏறி, இருந்து, உதவியில்லாமல் எழும்பிப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்து வாங்குகிற பொருள் அல்ல இது.

நீங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் நேரத்தில் தரை வேலையை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் மாமியைத் தேசிய வைத்தியசாலையிலோ ராகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையிலோ தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் நிபுணர்) ஒருவரிடம் காட்டி, இருக்கையின் உயரத்தையும் பிடிகளின் இடத்தையும் அவர் எழும்புகிற விதத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டைல் பதிப்பதற்கு முன், நீர்க்காப்புப் பூச்சின் மேல் தண்ணீர் கட்டி ஒரு முழுநாள் விட்டுப் பார்ப்பேன். கீழ்வீட்டுக்காரருக்கும் முகாமைத்துவக் குழுவுக்கும் நீங்களே ஒரு வார்த்தை எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அதுவரைக்கும் அந்தத் துவாய்க் கம்பியைக் கழற்றிவிட்டு, கைப்பிடியுள்ள, கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய குளியல் கதிரை ஒன்றை இந்தக் கிழமையே வாங்கி வைக்கிறேன்.

எனக்கு உங்களிடமிருந்து ஒரு பதில் வேண்டும். குளியலறைக் கதவை அகலப்படுத்துவதென்றால் மாமியின் அறையில் சுவரோடு நிற்கும் அலுமாரியை அகற்ற வேண்டும். அது உங்கள் அப்பா வாங்கியது என்று சொல்லி மாமி என்னிடம் மறுத்துவிட்டார். நீங்கள் கேட்டால் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். மேசனுக்கு நாள் குறிப்பதற்கு முன் பேசிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து உங்கள் அண்ணன்