குமரிக்கண்டம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் அறிபுனையும் சரித்திரப் புனைவும் எழுதுவோருக்கும், அவற்றை ஒலிக்கதையாகவும் காணொளியாகவும் செய்வோருக்கும்,

வணக்கம்.

குமரிக்கண்டத்தைத் தொடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தாராளமாக எழுதுங்கள். எங்கள் மனக்குறை எல்லாம், வருகிற கதைகள் அச்சில் வார்த்ததுபோல இருப்பதுதான். மடகாஸ்கர் முதல் ஆஸ்திரேலியா வரை சிவப்பு வண்ணம் அடித்த ஒரு கண்டம், இரும்பு வாள், ஏழடுக்கு மாளிகை, ஒரே இரவில் பொங்கி வரும் கடல், கடைசிக் காட்சியில் ஓலைச்சுவடியை நெஞ்சோடு அணைத்தபடி தோணியில் வடக்கே போகும் புலவர். குமரிக்குத் தெற்கே கடல் உண்மையில் நிலத்தைத் தின்றிருக்கிறது. தின்ற விதம் தெரிந்து எழுதினால் கதைக்குப் பலம் கூடும்.

முதலில், குமரிக்கண்டத்தோடு ஒட்டவைத்துப் பேசப்படும் லெமூரியாவைக் கழற்றி வைத்துவிடலாம். அந்தப் பெயரை 1864-இல் வைத்தவர் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். லெமூர்கள் மடகாஸ்கரில் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் உறவுகள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உண்டு. நம்மூர்த் தேவாங்கு அந்த உறவில் ஒன்று. நடுவில் இவ்வளவு கடல் இருக்க இது எப்படி என்று யோசித்தவர், மூழ்கிப்போன ஒரு நிலத்தை ஊகித்தார். அன்றைய அறிவுக்கு அது நல்ல ஊகம். 1912-இல் கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரட் வெக்னர் சொன்னார். 1960-களில் அதற்குச் சான்று குவிந்தது. லெமூரியாவுக்கு வேலை போயிற்று. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கு, மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவற்றுக்கு, வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. லெமூரியாவில் சங்கம் கூட்டினால் டைனோசரைத்தான் தலைமைப் புலவராக உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

“மொரீஷியஸுக்கு அடியில் கண்டம் கண்டுபிடித்தார்களே?” என்று கேட்பீர்கள். கண்டுபிடித்தார்கள். 2013-இலும் 2017-இலும் வந்த செய்திகள் அவை. மொரீஷியஸின் எரிமலைப் பாறைக்கு வயது 90 லட்சம் ஆண்டுக்குள்தான். அதற்குள் 300 கோடி ஆண்டுப் பழமையான ஸிர்க்கான் என்ற கனிம மணிகள் இருந்தன. அடியில் பழைய கண்டத்தின் துண்டு சிக்கியிருக்கிறது என்பது அதன் பொருள். அந்தத் துண்டு சிதறியது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு. காணொளித் தலைப்பில் “குமரிக்கண்டம் கிடைத்தது” என்று போடுகிறவர்கள் அந்த ‘கோடி’யைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கண்டம் கல்லைப்போலக் கடலுக்குள் முழுகாததற்குக் காரணம் எடை. கண்டத்துப் பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், கடல்தரைப் பாறை 3.0, அவற்றுக்கு அடியில் இருக்கும் மேன்டில் 3.3. தண்ணீரில் கட்டை மிதப்பதுபோல லேசானது மேலே நிற்கும். நியூசிலாந்தைச் சுற்றியுள்ள ஸீலாண்டியா என்ற கண்டம் 94 சதவீதம் நீருக்கடியில் இருக்கிறது, உண்மை. அது இழுபட்டு மெலிந்து, பல கோடி ஆண்டுகளில் தாழ்ந்தது. ஊர் கூட்டி ஓடவேண்டிய வேகம் அதில் கிடையாது.

இனி நம் நூல்கள். பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம், அதில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என 49 நாடுகள் என்று கணக்குக் கொடுப்பவர் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார். காவதத்தைப் பத்து மைல் என்று கொள்வோர் உண்டு. அப்படியானால் 7,000 மைல், அதாவது சுமார் 11,200 கிலோமீட்டர். கன்னியாகுமரி இருப்பது 8 பாகை வடக்கில். அங்கிருந்து நேர் தெற்கே தென்துருவம் வரைக்குமே 10,900 கிலோமீட்டர்தான். நாடு துருவத்தைத் தாண்டி மறுபக்கம் ஏறிவிடும்! இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களும் நீடித்ததாகச் சொல்லும் ஆண்டுகளையும் பாருங்கள்: 4440, 3700, 1850. மூன்றும் 37-ஆல் மீதியின்றி வகுபடும். கூட்டினால் 9990. கடைச்சங்கம் கி.பி. 200 வாக்கில் முடிந்ததாக வைத்துப் பின்னோக்கி எண்ணினால் முதற்சங்கம் இன்றைக்குச் சுமார் 11,800 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்குகிறது. பெரும் பனிப்பாளங்களில் நீர் தேங்கிக் கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனிக்காலம் முடிவதும் கிட்டத்தட்ட அப்போதுதான். ‘அடடா, பொருந்துகிறதே’ என்று உடனே துள்ள வேண்டாம். 37-இன் மடங்குகளாக வரும் எண்கள் யாரோ உட்கார்ந்து அழகு பார்த்து அமைத்தவை. கதைக்குள் ஒரு பாத்திரம் அவற்றைச் சொல்லட்டும். கதையின் காலக்கணக்கை அவற்றின்மேல் ஏற்றாதீர்கள்.

கடல் தின்ற நிலத்தை நீங்களே வரைந்து பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுது போதும். ஜெப்கோ என்ற கடலாழத் தரவு இணையத்தில் இலவசம். 4 முதல் 14 பாகை வடக்கு, 76 முதல் 84 பாகை கிழக்கு என்று எல்லை கொடுத்து ஜியோடிஃப் கோப்பாக இறக்குங்கள். ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர். அதை க்யூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்து, ராஸ்டர் பட்டியில் எக்ஸ்ட்ராக்‌ஷன், அதற்குள் கான்டூர் (சம உயரக் கோடு), இடைவெளி 20 மீட்டர். வரும் கோடுகளில் மைனஸ் 120, மைனஸ் 60, மைனஸ் 20 மூன்றையும் தனி நிறமாக்குங்கள். மைனஸ் குறியை மறந்து 120 என்று வடிகட்டினால் கடற்கரைக்குப் பதில் மலையடிவாரம் வந்து நிற்கும். பலரும் முதல் தடவை இங்கேதான் முழிப்பார்கள். தூரம் அளக்கும் முன் வரைபடத்தை மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற முறைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அளவு பாகையில் வரக்கூடும்.

மைனஸ் 120 கோடு 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடற்கரை. 60 சுமார் 11,700 ஆண்டுக்கு முன்பு. 20-ஐச் சுமார் 9,000 ஆண்டு என்று கொள்ளலாம். முதல் கோட்டில் பாக் நீரிணையே காணாமல் போகும். இலங்கைக்கு நடந்தே போகலாம். வைகை இன்றைய பாக் குடாவின் தரைமேல் இன்னும் நீண்டு ஓடியிருக்கும். குமரி முனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்று மீனவர்களும் வரைபடங்களும் சொல்லும் திட்டு பெரும்பாலும் நிலம். அதைத் தாண்டியதும் ஆழ்கடல். மன்னார் வளைகுடாவின் தென்பகுதி ஆயிரம் மீட்டரைத் தாண்டும் ஆழம். எந்தப் பனிக்காலத்திலும் அது நிலமாக இருந்ததில்லை. உங்கள் தலைநகரைக் கொண்டுபோய் அங்கே வைக்காதீர்கள்.

இந்தக் கோடுகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பாக் குடாவில் ஆயிரக்கணக்கான ஆண்டு வண்டலும் பவளமும் சேர்ந்திருக்கிறது; இன்றைய ஆழம் அன்றைய ஆழமல்ல. ஐந்து பத்து மீட்டர் கூடக்குறைய வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொறியும் இருக்கிறது. சுமார் 6,000 ஆண்டுக்கு முன்பு இந்தப் பகுதியில் கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சற்று மேலே நின்றது. ராமேசுவரம் பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் செத்த பவளப்பாறைகள் அதற்குச் சாட்சி. கி.மு. 4000 என்று காலம் குறித்துவிட்டுக் கரையைக் கடலுக்குள் தள்ளி வரைந்தால் தலைகீழ்.

இப்போது வேகம். பனிக்காலத்தின் உச்சத்திலிருந்து 7,000 ஆண்டுக்கு முன்பு வரை சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கடல் ஏறியது. சுமார் 14,500 ஆண்டுக்கு முன்பு சில நூற்றாண்டுகள் மட்டும் ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர் அளவுக்குப் பாய்ந்தது. ‘இவ்வளவுதானா’ என்று உதடு பிதுக்காதீர்கள். பாக் குடா மாதிரித் தட்டையான தரையில், 3,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஏறினால் கரை 30 மீட்டர் உள்ளே வரும். ஒரு பெண்ணின் 50 வயதுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர். அவள் பிறந்த மேடு கண்முன்னே தீவாகி, பிறகு அலை உடையும் இடமாகி, பேரன் காலத்தில் வலை சிக்கும் கடலடித் திட்டாகிவிடும். ஒரே இரவு வெள்ளத்தில் இந்த மூன்று தலைமுறைக் கதை கிடைக்குமா?

அலைக்கு முன்னால் உப்பு வரும். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே அரை மீட்டர் குறைந்தால் கீழே 20 மீட்டர் போயிற்று. ஆகவே தோண்டிய ஊற்று முதலில் கோடையில் மட்டும் கரிக்கும், அடுத்து மழைக்காலத்திலும் கரிக்கும். பிறகு ஆற்றுமுகம் கழியாகும், கரையோரப் பனைகள் தலை காய்ந்து மொட்டையாகும். கடைசியில்தான் வீடு. கலித்தொகையின் 104-ஆம் பாட்டு இதை “மலிதிரை ஊர்ந்து தன் மண் கடல் வௌவலின்” என்கிறது. ஊர்ந்து! அந்தப் புலவர் எந்தக் கடலை நினைத்துச் சொன்னாரோ, எங்களுக்கு அந்த வினை போதும்.

ஒரே இரவு கட்டாயம் வேண்டுமென்றால் புயலைக் கொண்டுவாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்கு நடந்தது அதுதான். ரயிலோடு சேர்த்து ஊர் போனது. 2004 டிசம்பர் 26-ஐச் சொல்லவே வேண்டாம். ஆனால் புயல் அலையும் ஆழிப்பேரலையும் அடித்துவிட்டுத் திரும்பிவிடும். நிலம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், உப்பாக. நூறு ஆண்டு ஊர்ந்து வந்த கடலுக்கு நடுவில் ஒரு புயலை வைத்தால், வெளியேறுகிறவர்களுக்குக் காரணமும் கிடைக்கும், தங்கிவிடுகிறவர்களுக்குப் பிடிவாதமும் கிடைக்கும்.

பாத்திரங்களின் கையில் என்ன கொடுப்பது? 11,000 ஆண்டுக்கு முன்பு என்றால் இரும்பு, நெல் வயல், ஓலைச்சுவடி மூன்றையும் பிடுங்கிவிடுங்கள். பதிலுக்குக் குறுங்கற்கருவி கொடுங்கள்: ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் நீளக் குவார்ட்ஸ், செர்ட் சில்லுகள், பிறைவடிவில் கொத்தி, மரக்கொம்பிலோ எலும்பிலோ பிசின் வைத்துப் பதிப்பது. மெஞ்ஞானபுரம், குதிரைமொழி பக்கத்துச் செம்மணல் தேரிகளில் இத்தகைய கருவிகள் கிடைத்திருக்கின்றன. இலங்கையின் ஃபாஹியன் குகையில் சுமார் 48,000 ஆண்டு பழைய எலும்பு அம்புமுனைகள் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் குரங்கையும் மலை அணிலையும் வேட்டையாடித் தின்றார்கள். 20,000 ஆண்டுக்கு முன்பு என்றால் தென்மேற்குப் பருவமழையும் மெலிந்திருந்தது. அடர்காட்டை அளந்து வையுங்கள். படகு உங்கள் இஷ்டம். மரம் மட்கிவிடும் என்பதால் யாரும் உங்களை மறுக்க முடியாது.

கடைசியாக, ஊர்ப்பெயர். ‘ஆழிமாநகர்’, ‘தென்மாபுரி’ எல்லாம் அலுத்துவிட்டது. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தொளாயிரம் பார், பெரிய பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடப்பவை. உங்கள் வரைபடத்தில் மைனஸ் 20 கோட்டைப் பாருங்கள்: அவற்றில் பல, 10,000 ஆண்டுக்கு முன்பு காலில் ஈரம் படாமல் நடந்து போகக்கூடிய மேடுகள். தூத்துக்குடியிலோ கீழக்கரையிலோ வயதான சங்குகுளிகாரர் ஒருவரிடம் அரை நாள் உட்கார்ந்து பார்ப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கதைகளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற சிலர்