விசுவாசமும் விருப்பமும்: தோழிக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததற்கு தேவனுக்கு ஸ்தோத்திரம். கொஞ்ச நாளைக்கு அவரைக் குனிந்து வேலை செய்ய விடாதே, அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இங்கே எல்லாரும் சுகம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே, தங்கள் விருப்பப்படி கற்பது வழக்கம்போல நடக்கிறது. பெரியவள் தையலை மூட்டை கட்டி வைத்துவிட்டு இப்போது பழைய கடிகாரங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பற்சக்கரங்களின் பற்களை எண்ணி எண்ணியே விகிதக் கணக்கு அவளுக்கு வசப்பட்டுவிட்டது. சின்னவன் வாசிக்கத் தொடங்கிவிட்டான், அதுவும் ஒன்பது வயது முடியப்போகிற நேரத்தில். எவ்வளவு பேர் எங்களைப் பயமுறுத்தினார்கள் என்று உனக்குத் தெரியும். அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ரேமண்ட் மூர், டோரத்தி மூர் தம்பதி 1970களிலேயே இதைத்தான் சொன்னார்கள்: கண்ணும் காதும் சிந்தனையும் பக்குவப்படும்வரை, எட்டு பத்து வயதுவரைகூட, முறையான பாடத்தை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம், அதுவரை வீட்டு வேலையும் விளையாட்டும் கதையும் போதும் என்று. ஆனால் காத்திருப்பது வேறு, கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு. அவனுடைய பார்வையையும் கேட்கும் திறனையும் பரிசோதித்தோம், எழுத்துகள் அவனுக்குக் குழம்புகின்றனவா என்று தெரிந்தவர்களைப் பார்க்கச் சொன்னோம். ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் நிம்மதியாகக் காத்திருந்தோம். நீயும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

சரி, நீ கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். "கணக்கையும் வரலாற்றையும் பிள்ளைகள் விருப்பத்துக்கு விடுகிறீர்கள், ஜெபத்தையும் வேதத்தையும் மட்டும் விடுவதில்லை. இது எப்படி நியாயம்?" என்று எழுதியிருந்தாய். இதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. எங்களைப் போலப் பிள்ளைகளை வீட்டிலேயே கற்கவிடுகிற குடும்பங்கள் கூடும்போது நாங்களே அடிக்கடி பேசுகிற விஷயம்தான் இது.

வேதத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார். பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிற இடத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது என்றுதான் இருக்கிறது. பாடவேளை இல்லை, பரீட்சை இல்லை. அப்பா அம்மா எதைப் பற்றி வாழ்கிறார்களோ அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், பிள்ளை அதன் நடுவில் வளரும். குடும்ப ஜெபத்தை நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம். அது எங்கள் ஜெபம். அந்த நேரத்தில் பிள்ளைகளும் எங்களோடு உட்கார வேண்டும் என்பது வீட்டு ஒழுங்கு. வாய் திறந்து ஜெபிப்பதும் ஜெபிக்காததும் அவர்கள் விருப்பம். வசனம் மனப்பாடம் செய்தால் பரிசு, செய்யாவிட்டால் முகம் சுளிப்பது என்கிற வழக்கத்தை எங்கள் கூட்டத்தில் யாருமே வைத்துக்கொள்ளவில்லை. பரிசுக்காகச் சொன்ன வசனம் பரிசோடு போய்விடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரியவள் வேதத்தில் யோபுவின் புத்தகத்தை வாசித்துவிட்டு, நல்ல மனுஷனை ஏன் கடவுள் இப்படித் துன்பப்பட விட்டார் என்று நாட்கணக்கில் என்னைத் துளைத்தாள். என்னிடம் பதில் இல்லை, அதை அவளிடமே சொன்னேன். கடைசி அதிகாரத்தைச் சேர்ந்து வாசித்தோம். விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்த நண்பர்கள்மேல் தேவனுக்குக் கோபம் வருகிறது, வாதாடிய யோபுதான் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசினான் என்கிறார். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! கேள்வி கேட்பதற்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். நான் பாடமாக நடத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

தானே கற்பது என்றால் பிள்ளையைத் தனியே விட்டுவிடுவது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளியும் பாடத்திட்டமும் இல்லாமல் பிள்ளை தன் விருப்பப்படி கற்பதைக் குறிக்கும் 'அன்ஸ்கூலிங்' என்ற சொல்லை 1970களில் பரப்பிய அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட்கூட அப்படிச் சொல்லவில்லை. பெரியவர்களின் உண்மையான வேலையும் உலகமும் பிள்ளைக்குத் திறந்திருக்க வேண்டும் என்றார். அவர் மதத்தை முன்னிறுத்திப் பேசியவர் அல்ல. மூர் தம்பதியோ ஆழ்ந்த விசுவாசிகள். ஆனாலும் பெற்றோரின் உரிமைக்காக ஒரே பக்கம் நின்றார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

குடும்பங்கள் சேர்ந்திருப்பதன் அருமையும் இங்கேதான் தெரிகிறது. ஒருவருக்கு மரவேலை தெரியும், இன்னொருவருக்கு விண்மீன்கள், எனக்கு இலக்கணம். பிள்ளைகள் வயது பாராமல் போய் ஒட்டிக்கொள்கிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கதவைச் சாத்திக்கொண்ட வீட்டில் ஒரு பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் வெளியே தெரியாது. பள்ளியில் ஆசிரியராவது கவனிப்பார். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பெற்றோர் அல்லாத, மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். இதற்குச் சம்மதிக்காத குடும்பத்தோடு நான் சேரமாட்டேன். நீயும் சேராதே.

நீயும் வீட்டில் கற்பிக்கத் தொடங்குவதாக இருந்தால் சட்டத்தை விசாரித்துக்கொண்டு இறங்கு. நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் விசுவாசத்தைக் காரணம் காட்டி வீட்டில் கற்பிக்க அனுமதி கேட்ட பெற்றோரின் வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்துவிட்டது. பள்ளி முடிந்த பிறகும் வார இறுதியிலும் அவர்கள் தங்கள் நம்பிக்கையைப் போதிக்கலாமே என்றது. அமெரிக்காவில் 1972இல், பழைய முறைப்படி எளிமையாக வாழ்கிற ஆமிஷ் என்ற கிறிஸ்தவ சமூகத்தாருக்கு வேறு மாதிரித் தீர்ப்பு வந்தது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

அந்த அமெரிக்க வழக்கில் நீதிபதி டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டு எழுதினார். பெற்றோரின் சமய உரிமையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டது என்பதுதான் அவர் கவலை. வழக்கில் இருந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்திதான் தன் விருப்பத்தை நீதிமன்றத்தில் சொல்லியிருந்தாள். அவள் விஷயத்தில் மட்டும் அவர் தீர்ப்போடு உடன்பட்டார். பெற்றோருக்குச் சாதகமான தீர்ப்பு என்று நம் பக்கத்து ஆட்கள் இந்த வழக்கைப் பெருமையாகச் சொல்வார்கள், டக்ளஸை விட்டுவிடுவார்கள். எனக்கு அவர்தான் சரியென்று படுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து, பள்ளிக்குப் போக விருப்பமா என்று கேட்கிறோம். போகிறேன் என்று சொன்ன பையன் ஒருவன் எங்கள் கூட்டத்தில் இருக்கிறான். பள்ளிக்கும் போகிறான், எங்கள் ஜெபக் கூட்டத்துக்கும் வருகிறான். யாரும் அவனை விலகிப்போனவனாகப் பார்ப்பதில்லை.

உன் கடிதம் முழுக்க உன் எண்ணமும் உன் வீட்டுக்காரரின் எண்ணமும் இருந்தது. மகன் என்ன சொல்கிறான்? அவனுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது அல்லவா, அவனிடம் கேட்டுவிட்டு எழுது. முடிந்தால் அவனையே எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தோழி