மிளகாய்த்தூள் பக்கற்றில் யாருடைய படம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுதொழில் செய்பவர்கள் தங்கள் விளம்பரங்களில் எல்லாச் சமூகத்தவரையும், பெண்களையும், மாற்றாற்றல் உள்ளவர்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் புதிய வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோக்கம் நல்லது. ஆனால் வன்னியில் ஒரு லேபல் எப்படி உருவாகிறது என்பதை எழுதியவர் பார்த்ததில்லை போலும். நான் கிளிநொச்சியில் சிறிய அச்சகம் ஒன்று நடத்துகிறேன். மிளகாய்த்தூள், ஒடியல்மா, மோர்மிளகாய், கருவாடு, தேன் என்று இந்தப் பக்கத்தில் பொதி செய்து விற்கும் சாமான்கள் சிலவற்றின் லேபல்கள் என் கணினியில்தான் தயாராகின்றன. எல்லாம் முடிந்து கடைசியில் வர வேண்டியது படம். இங்கே முதலில் கேட்பதே அதைத்தான்.

போர் முடிந்த 2009 க்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்தன, கொழும்பில் கண்காட்சிகள் நடந்தன. ‘போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் உற்பத்தி’ என்ற வரி அப்போது பரவலாகப் பக்கற்றுகளில் ஏறியது. மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து தகரக் கொட்டிலில் தொழில் தொடங்கியவர்களுக்கு முதல் வாடிக்கையாளரைத் தேடித் தந்தது அந்த வரிதான், அதை நான் மறுக்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் அதையே கேட்கிறார்கள். சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்கள் கேட்பது குறைவு. பெண்களை வேலைக்கு வைத்து நடத்தும் முதலாளிமார்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

ஒரு மிளகாய்த்தூள்காரர் தன்னிடம் வறுத்து இடிக்கும் அக்கா ஒருவரின் படத்தைக் கொண்டுவந்து, கீழே ‘கணவரை இழந்த ஒரு தாயின் உழைப்பு’ என்று போடச் சொன்னார். மாதிரிப் பிரதி போய்ச் சேர்ந்த பிறகு அந்த அக்காவே என்னைத் தேடி வந்தார். “தம்பி, உந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ. மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுறம். கடைகடையா என்ர முகம் தொங்கினால் நல்லா இருக்காது” என்றார். படம் போடுவதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், சம்மதம் கேட்கவில்லை. படத்துக்கென்று ஒரு சதமும் கொடுக்கவுமில்லை. நாட்கூலியும் அதே கூலிதான். முதலாளியிடம் பேசினேன். “படம் இருந்தால் வெளிநாட்டுக்குக் கூடுதலாகப் போகும்” என்றார். கூடுதலாகப் போனால் அந்த அக்காவுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்.

பரிதாபம் விற்கும் என்பது உண்மைதான். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் எங்கள் சனம் முதல்முறை மனமிரங்கி வாங்கும். வறுத்த பதம் பிழைத்திருந்தால் இரண்டாம்முறை வாங்காது. அந்தப் பதத்தைக் கைப்பழக்கத்தில் வைத்திருப்பவர் அந்த அக்கா. அவரைச் சேர்க்க வேண்டிய இடங்கள் அடுப்படியும் கணக்குப் புத்தகமும். இரண்டிலும் அவருடைய பேச்சுக்கு இடமும் அவருக்குப் பங்கும் இருந்தால், படம் போடலாமா, எந்தப் படம், கீழே என்ன எழுதுவது என்பதை அவரே சொல்வார். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கும்.

இந்த விளையாட்டைப் பெரிய அளவில் ஆடியவை நுண்கடன் நிறுவனங்கள். ஆட்டுக்குட்டியோடும் தையல் மெசினோடும் சிரிக்கும் பெண்களின் பதாகைகளை ஏ9 வீதி நெடுகப் பார்த்தோம். வன்னிப் பெண்ணை விளம்பரத்தில் சேர்க்கவில்லை என்று அவர்கள்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரர் இருந்தார். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசே முன்வர வேண்டிய நிலை வந்தது.

இன்னொரு சங்கதி. இங்கே விளைந்து இங்கேயே இடிபட்ட தூளுக்குக்கூட ‘பாரம்பரிய யாழ்ப்பாணச் சுவை’ என்றுதான் போடச் சொல்வார்கள். யாழ்ப்பாணம் என்றால் கொழும்பிலும் தெரியும், ரொறன்ரோவிலும் தெரியும், வியாபாரத்துக்கு அது வசதி. சரி. ஆனால் அந்த மிளகாயை நட்டவர், நீர் கட்டியவர், பழம் ஆய்ந்தவர் யார்? 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து உயிர் பிழைத்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் நிறையப் பேர். இங்கே பிறந்து, இங்கே இடம்பெயர்ந்து, இங்கேயே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். இன்றும் சிலர் அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். லேபலில் அவர்கள் ஒரு வரியிலும் இல்லை. பக்கற் சாமான் விற்பவர்களில் அவர்களைத் தனியான வாடிக்கையாளராக நினைப்பவரும் அரிது. நாட்கூலிக்காரர் ஒரு கிலோத் தூளை ஒரேயடியாக வாங்க மாட்டார், ஐம்பது கிராம் பக்கற் இருந்தால் வாங்குவார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இது எல்லோருக்கும் பொருந்தும். ஆனாலும் சிறிய பொதி அடிக்கச் சொன்னால் “லேபல் செலவு கட்டாது” என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிறிய பொதிக்கு ஒரே நிறத்தில் அச்சடியுங்கள், செலவு குறையும் என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

சாதியையும் விட முடியாது. யார் கையால் இடித்தது என்று விசாரித்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்து வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் தன் பதாகையில் ‘அனைவருக்கும் எமது கரம்’ என்று எழுதக் கேட்டார். அடித்துக் கொடுத்தேன், அது என் தொழில்.

முஸ்லிம் வாடிக்கையாளர் விடயத்தில் நடப்பது வேறு மாதிரி. “அண்ணை, ஹலால் சின்னத்தையும் ஒரு மூலையில போட்டுவிடுங்கோ” என்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவதுபோல. 2014 இலிருந்து இலங்கையில் ஹலால் தராதரப் பேரவை அதற்கான சான்றிதழை வழங்கிவருகிறது. விண்ணப்பித்து, உற்பத்தி செய்யும் இடத்தைச் சோதித்த பிறகுதான் அந்தச் சின்னம் கிடைக்கும். சான்றிதழ் காட்டினால் போடுகிறேன் என்பேன். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். நோன்புப் பெருநாளுக்கு முகநூலில் பிறையும் வாழ்த்தும் மட்டும் தவறாமல் வரும். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடம் புத்தளத்தில் கிடந்து திரும்பி வந்த மக்களிடம் இப்படிப் பொய்ச் சின்னம் காட்டி விற்கலாம் என்று நினைப்பதே வெட்கக்கேடு. அவர்களின் கடைக்கு நேரில் போய் உங்கள் சாமானை வைக்க முடியுமா என்று கேளுங்கள், அவர்களிடமிருந்தும் சரக்கு எடுங்கள். முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரி ஒருவர் அப்படித்தான் செய்கிறார். அவருடைய லேபலில் ஊர்ப் பெயரும் தொலைபேசி இலக்கமும் தவிர ஒன்றுமில்லை.

முறிகண்டியில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் பஸ் நிற்கும். கச்சான் (நிலக்கடலை) விற்கும் பெண்கள் வருவோருக்கு இரண்டு கொட்டையைக் கையில் வைத்து உடைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தமிழருக்குத் தமிழில் விலை, தெற்கிலிருந்து வந்த பஸ் என்றால் சிங்களத்தில் விலை. பாதை திறந்து தெற்குச் சனம் யாழ்ப்பாணம் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்த காலத்தில் விற்று விற்றே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்குப் பயிற்சிப் பட்டறை வைக்கவில்லை.

மாற்றாற்றல் உள்ளவர்களைப் படத்தில் காட்டுங்கள் என்ற ஆலோசனைதான் என்னைக் கூடுதலாக உறுத்தியது. ஷெல்லிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் இல்லாத கிராமம் வன்னியில் இருக்கிறதா? சக்கர நாற்காலியில் ஒருவர் சிரித்தபடி சாமான் வாங்கும் பதாகை ஒன்றை நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். அது தொங்கும் கடைக்கு மூன்று உயரமான படிகள். உண்மையான வாடிக்கையாளர் முச்சக்கர சைக்கிளை வீதியில் நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்து வாங்குகிறார். சாமானைத் தொட்டுப் பார்க்க, விலையை ஒப்பிட, வேண்டாம் என்று திருப்பி வைக்க அவரால் முடியாது. 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்குக் கடையை உயர்த்திக் கட்டுவதன் நியாயம் தெரியும். உயர்த்திக் கட்டட்டும், பக்கத்தில் ஒரு சாய்தளமும் கட்டட்டும். மாற்றாற்றல் உள்ளவர்களின் உரிமைக்கென்று இந்த நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டிடங்களுக்கு அவர்கள் உள்ளே போய்வர வசதி வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. சட்டத்தை விடுங்கள். பெரிய பதாகை ஒன்றுக்கு என்னிடம் தரும் காசில் இரண்டு மூட்டைச் சீமெந்தாவது வாங்கலாம். அச்சகக்காரன் இப்படிச் சொல்வது அவனுக்கே நட்டம், தெரியும்.

பெரிய நிறுவனங்கள் மட்டும் என்ன செய்துவிட்டன என்று கேட்பீர்கள். தோலை வெளுப்பாக்குவதாகச் சொல்லிப் பல பத்தாண்டுகள் விற்ற ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ கிறீம் 2020 இல் பெயரில் இருந்த ‘ஃபெயார்’ என்பதை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று போட்டுக்கொண்டது. அதே வருடம் இந்தியாவில் ‘தனிஷ்க்’ நகைக்கடை, இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்தும் விளம்பரம் ஒன்றைப் போட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. அவர்கள் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொண்டு போவார்கள். புதுக்குடியிருப்பில் கடை வைத்திருப்பவர் நாளைக்கும் அதே சனத்தின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவர் பதாகையில் எழுதியதற்கும் கடையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி ஒரு கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக உங்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. உங்கள் பத்திரிகையில் வன்னிப் பெண் தொழில்முயற்சியாளர்களைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், நன்றி. ஆனால் தலைப்பிலேயே ‘கணவரை இழந்தும்’, ‘காலை இழந்தும்’ என்று வந்துவிடுகிறது. அந்தக் கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள், லேபலிலும் அதே வரியைப் போடச் சொல்லி. இனிமேல் தலைப்பில் அவர் என்ன செய்கிறார் என்று போடுங்கள். அவர் சம்மதித்தால் கட்டுரையின் அடியில் விலை எவ்வளவு, எந்தக் கடையில் கிடைக்கும், ஓடர் கொடுக்க எந்த இலக்கத்துக்கு எடுப்பது என்ற விபரங்களையும் போடுங்கள். போன மாதம் வந்த கட்டுரையில் தேன் விற்கும் ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் படித்தேன். எனக்கு இரண்டு போத்தல் தேவைப்பட்டது. எங்கே வாங்குவது என்று அதில் எங்குமே இல்லை.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரன்,
கிளிநொச்சி.